யாரும் எழுதித்தராத மருந்து

புற்றுநோய்க்கான மருந்தை ஒரு நோயாளிக்கு மருத்துவர் எழுதித்தரும்போது, அதனால் வரக்கூடிய தீமையையும் நன்மையையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே எழுதுகிறார். முடி உதிரும், வாய்ப்புண் வரும், ரத்த வெள்ளணுக்கள் குறையும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், நோய் கட்டுப்படும் வாய்ப்பு அந்தத் துன்பங்களைவிடப் பெரிது என்பதால் நோயாளி அதற்குச் சம்மதிக்கிறார். அவருடைய உயரத்தையும் எடையையும் கொண்டு உடற்பரப்பைக் கணக்கிட்டு, மில்லிகிராம் பிசகாமல் அளவும் குறிக்கப்படுகிறது. அதே மருந்தைக் கரைத்துத் தரும் மருந்தாளுநருக்கோ, சொட்டுச் சொட்டாக ஏற்றும் செவிலியருக்கோ, நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றும் பணியாளருக்கோ அப்படி ஒரு கணக்கை எவரும் போடுவதில்லை. அவர்களுடைய உடலுக்குள் போகும் மருந்து மிகமிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிறிய அளவால் அவர்களுக்குக் கிடைக்கும் நன்மை எதுவுமில்லை என்பதும், நோயாளிக்குச் சில மாதங்களில் முடிந்துவிடும் சிகிச்சை அவர்களுக்குப் பணிக்காலம் முழுவதும் நாள்தோறும் தொடர்கிறது என்பதும் அதே அளவுக்கு உண்மை. ஆபத்தான மருந்துகளைப் பணியிடத்தில் எப்படிக் கையாள வேண்டும் என்ற கேள்வி இந்த ஏற்றத்தாழ்விலிருந்தே எழுகிறது.

எந்த மருந்தை 'ஆபத்தான மருந்து' என்று வகைப்படுத்துவது என்பதற்கு அமெரிக்காவின் தேசியப் பணிப்பாதுகாப்பு, உடல்நல நிறுவனமான நியாஷ் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கை ஆவணம் ஆறு அடையாளங்களைத் தருகிறது. புற்றுநோயை உண்டாக்கும் தன்மை, கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும் தன்மை, இனப்பெருக்க ஆற்றலைப் பாதிக்கும் தன்மை, குறைந்த அளவிலேயே உடலுறுப்புகளைச் சிதைக்கும் தன்மை, மரபுப் பொருளான டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் தன்மை ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும், அல்லது இத்தகைய மருந்தின் வேதி அமைப்பை ஒத்ததாக இருந்தாலும், அந்த மருந்து பட்டியலில் இடம்பெறும். ஆகவே பட்டியல் கீமோதெரபி மருந்துகளோடு நின்றுவிடுவதில்லை; உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் உட்கொள்ளும் அசாதயோப்ரின், சைக்ளோஸ்போரின் ஆகியவையும், கான்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும், சில ஹார்மோன் மருந்துகளும் அதில் அடங்கும். இருப்பினும் இந்தத் துறையின் அறிவு பெரும்பாலும் கீமோதெரபி அறையில்தான் சேகரிக்கப்பட்டது என்பதால், அந்த அறையைச் சுற்றியே பேசுவது பொருத்தமாக இருக்கும்.

போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்கு

கீமோதெரபியின் தொடக்கம் ஒரு போர் ஆயுதத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் பயன்பட்ட கடுகு வாயு, தோலைக் கொப்பளிக்கச் செய்ததோடு எலும்பு மஜ்ஜையையும் தாக்கி வெள்ளணுக்களைக் குறைத்தது என்பது அப்போதே கவனிக்கப்பட்டிருந்தது. அதன் வேதி உறவினரான நைட்ரஜன் மஸ்டர்டை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்பிரட் கில்மன் ஆகிய மருந்தியலாளர்கள் ஆராய்ந்ததன் தொடர்ச்சியாக, 1942ஆம் ஆண்டு நிணநீர்ப் புற்று முற்றிய நோயாளி ஒருவருக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. போர்க்கால ரகசியம் காரணமாக அந்த ஆய்வு முடிவுகள் 1946இல்தான் வெளிவந்தன. இடையில், 1943 டிசம்பர் 2ஆம் தேதி இத்தாலியின் பாரி துறைமுகத்தின் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசியபோது, கடுகு வாயுக் குண்டுகளை ரகசியமாக ஏற்றிவந்திருந்த ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்தது. கடலில் விழுந்து தப்பிய மாலுமிகளின் வெள்ளணுக்கள் எப்படிச் சரிந்தன என்பதை ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற ராணுவ மருத்துவர் பதிவு செய்தார்.

இந்த வரலாற்றை நினைவில் கொள்வதற்குக் காரணம் உண்டு. நைட்ரஜன் மஸ்டர்டின் வழிவந்த சைக்ளோபாஸ்பமைடு, மெல்பலான், குளோராம்புசில் போன்ற மருந்துகள் டிஎன்ஏவின் இரு இழைகளைக் குறுக்காகப் பிணைத்து, செல் பிளவுபட முடியாமல் செய்கின்றன. புற்றுச் செல் வேகமாகப் பிளவுபடுவதால் அதிகமாகச் சாகிறது. ஆனால் மருந்துக்கு எது புற்றுச் செல், எது நல்ல செல் என்று பிரித்தறியும் கண் கிடையாது. சேதமடைந்தும் சாகாமல் பிழைத்துக்கொள்ளும் நல்ல செல் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடும் என்பது, இந்த மருந்துகளால் குணமடைந்த நோயாளிகளில் சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்று வந்தபோது தெளிவாயிற்று. உலக நலவாழ்வு அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மேற்சொன்ன மூன்று மருந்துகளையும் மனிதரில் புற்றை உண்டாக்குபவை என்று உறுதிப்பட்ட முதல் வகையில் வைத்திருக்கிறது. புற்றைக் குணப்படுத்தும் மருந்தே புற்றையும் தரக்கூடும் என்பதில் முரண் ஏதுமில்லை. இரண்டு விளைவுக்கும் அடிப்படையான வேதிவினை ஒன்றே.

பின்லாந்துச் செவிலியர்கள்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு, இந்த மருந்துகளைக் கலக்குபவரின் நலம் பெரிதாக எவர் கவனத்துக்கும் வரவில்லை. வார்டின் ஒரு மூலையில் இருந்த சாதாரண மேசையில், வெறுங்கையோடு மருந்தைக் கரைப்பதே பல நாடுகளில் வழக்கமாக இருந்தது. 1979ஆம் ஆண்டு லான்செட் இதழில் பின்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சிறிய அறிக்கைதான் அந்த அலட்சியத்தைக் கலைத்தது.

அவர்கள் பயன்படுத்திய சோதனை, கலிபோர்னியாவின் பெர்க்லியில் புரூஸ் ஏம்ஸ் உருவாக்கியது. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாதபடி குறைபாடு கொண்ட சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்தச் சத்து இல்லாத ஊடகத்தில் வைத்தால் அது வளராது. ஆனால் டிஎன்ஏவை மாற்றக்கூடிய ஒரு பொருள் அதனோடு சேர்ந்தால், சில பாக்டீரியாக்களில் அந்தக் குறைபாடு தற்செயலாகச் சரியாகி, தட்டில் திட்டுத்திட்டாக வளர்ச்சி தெரியும். திட்டுகள் எத்தனை என்று எண்ணினால், அந்தப் பொருள் மரபுப் பொருளை எந்த அளவுக்குக் குலைக்கிறது என்பது தெரிந்துவிடும். கீமோதெரபி பெற்ற நோயாளிகளின் சிறுநீரில் இந்தத் தன்மை மிகுந்திருந்ததில் வியப்பில்லை. அந்த மருந்துகளைக் கையாண்ட செவிலியர்களின் சிறுநீரிலும், நோயாளிகளின் அளவைவிடக் குறைவாக ஆனால் மருந்தோடு தொடர்பில்லாதவர்களின் அளவைவிட அதிகமாக, அது காணப்பட்டது என்பதே அதிர்ச்சி. ஊசி குத்திக்கொள்ளாமலும் மாத்திரை விழுங்காமலும், வேலை செய்ததாலேயே மருந்து அவர்களுடைய உடலுக்குள் போயிருந்தது.

அடுத்து 1982இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அது எந்த வழியில் போகிறது என்பதற்கு ஒரு தடயம் தந்தது. அக்காலத்து மருந்தகங்களில் ஊசி மருந்துகளைக் கிருமி படாமல் கலப்பதற்குக் கிடைமட்டக் காற்றோட்டப் பெட்டி இருந்தது. வடிகட்டிய தூய காற்று பெட்டியின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்டு, மருந்தின் மீது வீசி, எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். மருந்து தூய்மையாக இருக்க அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. ஆனால் மருந்திலிருந்து எழும் நுண்துளிகளையும் அதே காற்று நேராக மருந்தாளுநரின் மூக்கில் சேர்த்தது. அந்தப் பெட்டியில் வேலை செய்தவர்களின் சிறுநீரில் காணப்பட்ட மாற்றம், காற்று மேலிருந்து கீழாக இறங்கும் பெட்டிக்கு மாறியவர்களிடம் காணப்படவில்லை. ஆட்களின் கவனமோ திறமையோ மாறாத நிலையில், காற்று வீசும் திசை மட்டும் மாறியதால் கிடைத்த பலன் அது.

1985ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், பின்லாந்தின் 17 மருத்துவமனைகளைச் சேர்ந்த செவிலியர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு வெளியாயிற்று. கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இம்மருந்துகளைக் கையாண்டவர்களுக்குக் கரு கலையும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அது கணித்தது. பிற்கால ஆய்வுகள் அனைத்தும் அதே எண்ணைத் தரவில்லை என்றாலும், கவலைப்பட வேண்டிய விஷயம் இது என்பதில் அதன்பின் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை. பணியிடப் பாதுகாப்புக்கான முதல் அமெரிக்க அரசு வழிகாட்டுதல் 1986இல் வந்தது.

மருந்து எங்கே கசிகிறது

ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் பொடியாக இருக்கும் மருந்தைக் கரைக்கும் செயலைச் சற்று நெருங்கிப் பார்த்தால், கசிவு எவ்வளவு எளிதாக நேர்கிறது என்பது புரியும். குப்பியின் வாய் ரப்பர் மூடியால் அடைக்கப்பட்டிருக்கிறது; உள்ளே பொடியும் காற்றும் மட்டுமே உள்ளன. சிரிஞ்சின் ஊசியை மூடியில் குத்தி 10 மில்லிலிட்டர் நீரைச் செலுத்தினால், உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியின்றி இறுகி அழுத்தமாகிறது. அந்த நிலையில் ஊசியை உருவினால், குத்திய துளை மூடிக்கொள்வதற்குள் அழுத்தத்தில் இருந்த காற்று மருந்துக் கரைசலை நுண்துளிகளாகச் சுமந்துகொண்டு பீறிடுகிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாது; மணமும் இருக்காது. டாக்ஸோரூபிசின் செக்கச்சிவந்த மருந்து என்பதால் சிந்தினால் கறை காட்டிக்கொடுக்கும். சைக்ளோபாஸ்பமைடு கரைசல் தண்ணீரைப் போலவே நிறமற்றது.

இதைத் தவிர்க்கவே, முதலில் குப்பியிலிருந்து சிறிது காற்றை உறிஞ்சிவிட்டு, பிறகு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி, அதற்கு ஈடான காற்றை அவ்வப்போது சிரிஞ்சுக்குள் வாங்கிக்கொள்ளும் முறை கற்பிக்கப்படுகிறது. குப்பிக்குள் அழுத்தம் எப்போதும் வெளியைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்குமாறு பார்த்துக்கொள்வதே அதன் சாரம். சிரிஞ்சை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதும், ஊசி திருகிப் பூட்டிக்கொள்ளும் வகைச் சிரிஞ்சையே பயன்படுத்த வேண்டும் என்பதும் இதே காரணத்தால் வந்த விதிகள். நிரம்பிய சிரிஞ்சின் உந்துதண்டு நழுவும், செருகி வைத்த ஊசி அழுத்தத்தில் கழன்றுகொள்ளும்.

இந்தப் பயிற்சியின்போது மருந்துக்குப் பதிலாக ஃபுளோரசீன் என்ற சாயத்தைக் கரைத்துக் கலக்கச் சொல்வது பல மருத்துவமனைகளில் வழக்கம். வேலை முடிந்ததும் விளக்கை அணைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஒரு துளிகூடச் சிந்தவில்லை என்று நினைத்தவரின் கையுறை விரல்களிலும், மேசை விரிப்பிலும், சில வேளை மேலங்கியின் முன்கையிலும் பச்சை மஞ்சளாகப் புள்ளிகள் ஒளிரும். நேர்மையான, அனுபவமுள்ள கைகளிலும் இது நேர்கிறது.

அப்படித் தெறித்தவை எங்கே போகின்றன என்பதைத் தேடியவர்கள், அறையின் காற்றைவிட மேற்பரப்புகளில்தான் அதிக விடை கிடைப்பதைக் கண்டார்கள். ஈரத் துணியால் மேசை, கைப்பிடி, தரை ஆகியவற்றைத் துடைத்து, துணியில் ஒட்டிய மருந்தை ஆய்வகத்தில் அளப்பதைத் துடைப்புச் சோதனை என்கிறார்கள். 1999ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு புற்றுநோய் மையங்களில் எடுக்கப்பட்ட மாதிரிகளுள், மருந்தகப் பகுதியில் 75 விழுக்காட்டிலும் மருந்து ஏற்றும் பகுதியில் 65 விழுக்காட்டிலும் மருந்தின் எச்சம் இருந்தது. தொலைபேசியைத் தொட்டவர், பேனாவை வாங்கியவர், கதவைத் திறந்தவர் என்று மருந்தைக் கையில் எடுக்காதவர்களுக்கும் அது தோல் வழியாகவோ, கையிலிருந்து உணவு வழியாகவோ போய்ச்சேர முடியும். உற்பத்தியாளரிடமிருந்து வரும் புதிய குப்பிகளின் வெளிப்புறத்திலேயே மருந்து படிந்திருக்கும் என்பதும் ஐரோப்பிய ஆய்வுகளில் தெரியவந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்து அடுக்கிவைக்கும் கிடங்குப் பணியாளரும் ஏன் கையுறை அணிய வேண்டும் என்பதற்கு அதுவே விடை.

காவலின் படிநிலை

தொழிற்சுகாதாரத் துறையில் பாதுகாப்பு வழிகளை வலிமைக்கேற்ப வரிசைப்படுத்துவார்கள். ஆபத்தை அடியோடு நீக்குவது முதலிடம். ஆபத்து குறைந்த ஒன்றால் ஈடுசெய்வது அடுத்தது. கருவிகளாலும் கட்டட அமைப்பாலும் ஆபத்தை மனிதரிடமிருந்து பிரித்துவைப்பது மூன்றாவது. வேலை முறைகளையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவது நான்காவது. கையுறை, முகக்கவசம் போன்ற உடற்காப்பு சாதனங்கள் கடைசி. கீமோதெரபியில் முதல் இரண்டு படிகளுக்கும் வழி குறைவு, ஏனெனில் நோயாளிக்குத் தேவைப்படும் மருந்தை நீக்கவோ மாற்றவோ பணியாளரின் நலன் காரணமாகாது. எனவே மூன்றாம் படியே இங்கு அடித்தளம்.

அதன் மையக் கருவி இரண்டாம் வகை உயிரியல் பாதுகாப்புப் பெட்டி. இதில் வடிகட்டிய காற்று மேலிருந்து கீழிறங்கி மருந்தைத் தூய்மையாக வைக்கிறது. முன்புறத் திறப்பில் வெளிக்காற்று உள்ளிழுக்கப்பட்டு, பெட்டிக்குள் இருப்பது வெளியே வராதபடி ஒரு காற்றுத் திரையாக நிற்கிறது. ஹெப்பா எனப்படும் வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். ஆனால் சில மருந்துகள் சிறிதளவு ஆவியாகவும் கூடியவை, ஆவியை அந்த வடிகட்டியால் பிடிக்க முடியாது. அதனால்தான் பெட்டியின் காற்றை அறைக்குள்ளேயே திருப்பிவிடாமல், குழாய் வழியாகக் கட்டடத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்று வலியுறுத்தப்படுகிறது. முன்புறத் துளைவரிசையின் மீது காகிதத்தையோ சிரிஞ்சு உறைகளையோ வைத்துவிட்டால் காற்றுத் திரை அந்த இடத்தில் அறுந்துவிடும். கையை வேகமாக உள்ளே நுழைத்து வெளியே எடுத்தாலும் அதே விளைவுதான்.

அறையின் அழுத்தத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிருமியற்ற மருந்து தயாராகும் சாதாரண அறையில் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும்; கதவு திறந்தால் காற்று வெளியே போகுமே தவிர, வெளி அழுக்கு உள்ளே வராது. ஆபத்தான மருந்து தயாராகும் அறையிலோ, காற்று வெளியே போனால் மருந்தும் அதோடு போகும் என்பதால், அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். மருந்தைக் காப்பதா, மனிதரைக் காப்பதா என்ற இந்த இழுபறியை, அமெரிக்க மருந்துத் தர நூலின் 800ஆம் அத்தியாயம் இரண்டையும் சேர்த்தே தீர்க்கிறது: 2016இல் வெளியான அந்த அத்தியாயம், கலக்கும் அறையின் அழுத்தம் அண்டை அறையைவிட 0.01 முதல் 0.03 அங்குல நீர்மட்டம் குறைவாகவும், உள்ளே வரும் காற்று ஏற்கெனவே வடிகட்டப்பட்ட முன்னறையிலிருந்து வருவதாகவும், தூய்மைத் தரம் பேணப்படும் அறையில் மணிக்கு 30 முறையாவது காற்று மாறுவதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

பெட்டிக்கு அடுத்தபடியாக, மூடிய மாற்றுக் கருவி வந்திருக்கிறது. குப்பியின் வாயிலும் சிரிஞ்சின் முனையிலும் தனித்தனியாகப் பொருத்தப்படும் இதன் இரு பாகங்களிலும் சவ்வுகள் உள்ளன. அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்போது மட்டுமே ஊசி குறுக்கே போகும், குப்பிக்குள் எழும் அழுத்தத்தைச் சிறு காற்றுப்பையோ வடிகட்டியோ வாங்கிக்கொள்ளும். இது பெட்டிக்கு மேலதிகக் காவல். பெட்டிக்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ள முடியாது. விலை காரணமாக எல்லா இடங்களிலும் இது கிடைப்பதில்லை என்பதால், காற்றழுத்தத்தைக் குறைத்துவைக்கும் கைமுறையின் முக்கியத்துவம் குறைந்துவிடவுமில்லை.

கையுறையால் முடிந்ததும் முடியாததும்

கையுறை கடைசிப் படி என்பதற்கு அது தேவையற்றது என்று பொருளில்லை. மருந்து எந்தக் கையுறையையும் காலப்போக்கில் ஊடுருவிவிடும் என்பதே அதன் எல்லை. ஆகவே கீமோதெரபி மருந்துகளுக்கெனச் சோதிக்கப்பட்ட, பவுடர் பூசாத கையுறை இரண்டு சோடி அணிய வேண்டும். உள் கையுறை மேலங்கியின் மணிக்கட்டுக்கு அடியிலும் வெளிக் கையுறை அதன் மேலும் இருக்க வேண்டும். 30 நிமிடத்துக்கு ஒருமுறையோ, கிழிந்தாலோ, மருந்து பட்டாலோ உடனே மாற்ற வேண்டும். கழற்றும்போது வெளிப்புறம் உட்புறமாகத் திரும்புமாறு உருவ வேண்டும். அதன்பின் சோப்பும் தண்ணீரும் கொண்டு கைகழுவ வேண்டும். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லுமே தவிர, மருந்தைக் கையிலிருந்து அகற்றாது. மேலங்கி முதுகுப்புறம் முடிச்சிடும் வகையாகவும், திரவம் ஊடுருவாத பூச்சுள்ளதாகவும் இருக்க வேண்டும். துவைத்துத் துவைத்து அணியும் பருத்தி மேலங்கி மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். அறுவைக்கூடத்து முகக்கவசம் மூச்சுவழிக்குக் காவலாகாது. என்95 கவசம் துகள்களைத் தடுத்தாலும் ஆவியைத் தடுப்பதில்லை.

சுத்தம் செய்வதிலும் இதே தெளிவு தேவைப்படுகிறது. வார்டில் எதற்கும் கைக்கு வரும் 70 விழுக்காடு ஆல்கஹால், கீமோதெரபி எச்சத்தை அழிப்பதில்லை. ஓரிடத்தில் இருந்ததைக் கரைத்து மேசை முழுக்கப் பரப்பிவிடுவதே அதனால் நிகழும். முதலில் சோடியம் ஹைப்போகுளோரைட்டு போன்ற பொருளால் மருந்தைச் செயலிழக்கச் செய்து, பிறகு எச்சத்தைத் துடைத்து எடுத்து, அதன்பின் சோப்புக் கரைசலால் கழுவி, இறுதியாகவே கிருமி நீக்கத்துக்கு ஆல்கஹாலைப் பயன்படுத்த வேண்டும். ஹைப்போகுளோரைட்டு எஃகை அரிக்கும் என்பதால், அதைச் சோடியம் தயோசல்பேட்டால் சமன்செய்வது வழக்கம். எந்தத் திரவத்தையும் மேற்பரப்பில் பீய்ச்சாமல், துணியில் நனைத்தே துடைக்க வேண்டும்; பீய்ச்சினால் படிந்திருந்தது மீண்டும் காற்றில் எழும்.

மருந்து சிந்திவிட்டால் செய்ய வேண்டியவை அன்றைக்குத் தேடிப் படிப்பவையாக இருக்கக் கூடாது. கையுறைகள், மேலங்கி, கண்ணாடி, உறிஞ்சும் விரிப்புகள், உடைந்த கண்ணாடியை அள்ளும் முறம், எச்சரிக்கைப் பலகை, தடித்த பை ஆகியவை அடங்கிய ஒரு பெட்டி, மருந்து கலக்கும் இடத்திலும் ஏற்றும் இடத்திலும் தயாராக இருக்க வேண்டும். திரவமானால் உறிஞ்சும் விரிப்பையும், பொடியானால் ஈரத் துணியையும் மேலே போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து வரவேண்டும். தோலில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுவதும், கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விடுவதும் முதலில்; அறிக்கை எழுதுவது அதற்குப் பிறகு, ஆனால் கட்டாயம்.

வார்டு, கழிவறை, வீடு

கலக்கும் அறைக்குள் இருக்கும் ஒழுங்கு வார்டுக்கு வந்ததும் தளர்ந்துவிடுவது உண்டு. ஐ.வி. குழாயில் உள்ள காற்றை வெளியேற்ற மருந்தையே ஓடவிட்டால் முனையில் சில துளிகள் சொட்டும். முதலில் வெறும் உப்புக் கரைசலால் குழாயை நிரப்பிவிட்டால் சொட்டுவது உப்பு நீராகவே இருக்கும். மருந்து இறங்கி முடிந்ததும் பையிலிருந்து குழாயைப் பிடுங்காமல், இரண்டையும் சேர்த்தே கழிவுப் பையில் போட வேண்டும். மாத்திரை வடிவ மருந்துகளைப் பொடிப்பதோ உடைப்பதோ திறந்த மேசையில் கூடாது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மீதோட்ரெக்ஸேட் மாத்திரைக்கும் இது பொருந்தும்.

ஏற்றிய மருந்தின் ஒரு பகுதி மாறாமலும், ஒரு பகுதி வேறு நச்சுப் பொருளாக மாறியும் சிறுநீர், மலம், வாந்தி, வியர்வை வழியாக வெளியேறுகிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்கு நோயாளியின் கழிவுகளையும் அவை பட்ட துணிகளையும் கையுறையோடு கையாள வேண்டும் என்பதும், கழிப்பறையின் மூடியைச் சாத்திவிட்டு நீரைத் திறக்க வேண்டும் என்பதும் அதனால்தான். பகல்நேரச் சிகிச்சை முடிந்து மாலையில் வீடு திரும்பும் நோயாளியின் விஷயத்தில், இந்த 48 மணி நேரத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் கழிகிறது. வாளியைப் பிடித்து வாந்தியை அள்ளும் மனைவிக்கோ மகளுக்கோ ஒரு சோடி கையுறையும் நான்கு வரி அறிவுரையும் கொடுத்தனுப்புவது, மருத்துவமனைக்கு ஆகும் மிகச் சிறிய செலவு.

கழிவு விஷயத்தில் இந்தியச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, செல்நச்சு மருந்துகளும் அவை பட்ட குப்பிகளும் பொருள்களும் அதற்குரிய எச்சரிக்கை முத்திரையோடு மஞ்சள் பையிலோ கலனிலோ சேர்க்கப்பட்டு, 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் எரிக்கப்பட வேண்டும், அல்லது உற்பத்தியாளரிடம் திருப்பி அனுப்பப்பட வேண்டும். குறைந்த வெப்பத்தில் எரித்தால் மருந்து முழுமையாகச் சிதையாமல் புகையோடு வெளியேறக்கூடும். மற்ற மஞ்சள் பைக் கழிவோடு இதைக் கலந்துவிட்டால் எந்தப் பைக்கு எந்த வெப்பம் என்பதே தெரியாமல் போகும் என்பதால், முத்திரை ஒட்டும் அந்தச் சிறு வேலையில்தான் சங்கிலி முழுவதும் தொங்குகிறது.

இதே தர்க்கம் மருந்துத் தொழிற்சாலைக்கும் செல்லும், அங்கே எதிரி பொடி என்பதுதான் வேறுபாடு. 1970களில் போர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரை தயாரித்த ஓர் ஆலையில், ஆண் தொழிலாளர் சிலருக்கு மார்பு பெருத்ததும், பெண்களுக்கு மாதவிடாய்க்கு இடையே ரத்தப்போக்கு ஏற்பட்டதும் ஈஸ்ட்ரோஜன் தூசியின் வேலை என்று கண்டறியப்பட்டது. இப்போது மருந்தின் வீரியத்துக்கேற்ப அனுமதிக்கத்தக்க காற்றுச் செறிவைப் பட்டைகளாகப் பிரித்து, ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழ் வைக்க வேண்டிய மருந்துகளை, பொடியைத் திறந்து கொட்டவே நேராத மூடிய வால்வுகளுக்கும் கையுறை பொருத்திய பெட்டிகளுக்கும் உள்ளேயே கையாளுகிறார்கள்.

எல்லைக்கோடு இல்லாத இடத்தில்

ஈயத்துக்கும் பென்சீனுக்கும் இருப்பதைப் போல, பெரும்பாலான கீமோதெரபி மருந்துகளுக்குச் சட்டம் வகுத்த பணியிட வரம்பு கிடையாது. மரபுப் பொருளைச் சேதப்படுத்தும் பொருளுக்கு, இதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்று ஓர் அளவைச் சுட்டுவது அறிவியல் நோக்கில் கடினம். ஐரோப்பாவில் துடைப்புச் சோதனைக்கு வழிகாட்டியாகப் பரவலாகச் சொல்லப்படும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற அளவும், உடல்நலக் கணக்கிலிருந்து பிறந்ததில்லை. நன்றாக நடத்தப்படும் மருந்தகங்கள் எதை எட்ட முடிகிறது என்பதிலிருந்து பிறந்தது. அதனால், இயன்றவரை குறைவு என்பதே இந்தத் துறையின் இலக்கு. 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஆணை ஆபத்தான மருந்துகளைப் புற்றுநோய்க் காரணிகளுக்கான தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வெளிப்படையாகக் கொண்டுவந்ததும் அந்தத் திசையில்தான்.

எல்லைக்கோடு இல்லாதபோது நிர்வாகத்தின் பொறுப்பு கூடுகிறது. கருவுற்றிருப்போருக்கும் கருவுற முயல்வோருக்கும் பாலூட்டுவோருக்கும், கேட்டதும் ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் மாற்றுப் பணி தரும் ஏற்பாடு இல்லையென்றால், பலர் சொல்லாமலே வேலையைத் தொடர்வார்கள். ஆபத்து அதிகம் உள்ள முதல் வாரங்கள் அப்படித்தான் கழிந்துபோகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைப்புச் சோதனை செய்து முடிவைச் சுவரில் ஒட்டும் மருந்தகத்தில், அடுத்த சோதனைக்குள் எண் குறைந்ததா என்று எல்லோரும் பார்ப்பார்கள். செய்யாத மருந்தகத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் எந்த மருத்துவமனைக்கும் முதலில் வேண்டியது இரண்டு பட்டியல்கள். தங்களிடம் உள்ள ஆபத்தான மருந்துகள் எவை என்பது ஒன்று. அதை மருந்தாளுநர் ஒரு பிற்பகலில் தயாரித்துவிடலாம். அந்த மருந்துகளோ அவற்றின் எச்சமோ யார் யார் கைக்கு வருகிறது என்பது மற்றொன்று. பெட்டியை இறக்குபவர், குப்பையை எடுப்பவர், விரிப்பைத் துவைப்பவர், இரவில் தரையைத் துடைக்கும் ஒப்பந்தப் பணியாளர் என்று அது வளர்ந்துகொண்டே போகும். பயிற்சி வகுப்புகளுக்கு அழைக்கப்படுபவர்களின் பெயர்களை இந்த இரண்டாம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பாதுகாப்பு எந்தக் கையோடு நின்றுவிட்டது என்பது அந்த மருத்துவமனைக்கே தெரிந்துவிடும்.